அவரு என்ன இந்தியாவுக்கா ஆடினாரு?

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் ஒரு கலவரம்.

ஸ்குவாஷ் கோச் அடுத்த மாசத்துலேருந்து ஃபீஸைக் கொஞ்சம் ஏத்தப்போறதா சொல்லியிருந்தாரு. அவ்வளவுதான் விஷயம். தண்ணி லாரி வராத அன்னிக்குக்கூட இத்தனை மெசேஜ் வந்ததில்ல. ஒருத்தர் பக்கத்து கிளப் ரேட்டையெல்லாம் கட்டம் போட்டு அனுப்பினாரு. இன்னொருத்தர் "யூடியூப்லயே எல்லாம் இருக்கே"ன்னாரு. (அவரு பையனுக்கு யூடியூப்ல நீச்சல் கத்துக்கொடுத்த கதை தனி.)

அப்புறம் மூணாவது மாடிக்காரர் ஒருத்தர் போட்டாரு பாருங்க ஒரு வரி:

"அவரு என்ன இந்தியாவுக்கா ஆடினாரு? ஆட்டத்துல ஒண்ணும் ஆகலைன்னுதானே கோச்சிங்குக்கு வந்திருக்காரு?"

கீழ வரிசையா கட்டைவிரல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கயே டைப் பண்ணியிருந்தா குரூப்லேருந்து தூக்கியிருப்பாங்க. அதான் இங்க வந்துட்டேன். இது என் வீடு. இங்க நான் எவ்வளவு நீளத்துக்கு வேணா பேசலாம். டீ போட்டுட்டு வாங்க.

முதல்ல என் தகுதி என்னன்னு சொல்லிடறேன். ஒண்ணும் கிடையாது. நாப்பதைத் தாண்டினதுக்கு அப்புறம், டாக்டர் மிரட்டி, ராக்கெட்டைத் தொட்டவ நான். சின்ன வயசுல மொட்டைமாடியில ஷட்டில் ஆடின தைரியம் வேற. "இதுவும் அதே மாதிரிதானே, சுவரு இருக்கு, வலை இல்ல"ன்னு நினைச்சு உள்ள போனேன்.

அதே மாதிரி இல்லைங்க.

ஷட்டில்ல மணிக்கட்டைச் சுண்டி ஆடணும். இங்க மணிக்கட்டைச் சுண்டினா பந்து எங்க போகும்னு பந்துக்கே தெரியாது. அதுவும் அந்தப் பந்து! ரெண்டு மஞ்சள் புள்ளி வெச்ச குட்டிக் கறுப்புப் பந்து. சூடு ஏறாம அது எம்பவே எம்பாது. கீழ போட்டா சோர்ந்துபோய் அங்கயே உக்காந்துக்கும். நல்லா ஆடறவங்க நாலு அடி ஓங்கி அடிச்சு அதைச் சூடாக்கிடுவாங்க. நான் அடிச்ச அடிக்கு அது சூடாகறதுக்குள்ள எனக்குத்தான் உடம்பு சூடாச்சு. கோச் சிரிக்காம (இதுக்கே அவருக்குத் தனி ஃபீஸ் கொடுக்கலாம்) ஒரு பெரிய நீலப் பந்தை எடுத்துக் கொடுத்தாரு. குழந்தைங்க ஆடறது. எனக்கு மானம் போச்சு, ஆனா பந்து எம்பிச்சு.

அப்புறம் வாரக்கணக்கா ஒரே ஒரு அடி. பக்கவாட்டுச் சுவரை ஒட்டினாப்புல நேரா போய், முன் சுவருல பட்டு, அதே கோட்டுல பின்னாடி வரணும். ஸ்ட்ரெயிட் டிரைவ். அவ்வளவுதான். "வேற ஏதாவது சொல்லித்தாங்க கோச், போரடிக்குது"ன்னேன். "உலக சாம்பியனும் காலைல எழுந்து இதைத்தான் மேடம் அடிக்கறாங்க"ன்னாரு. ஏதோ சமாளிக்கறாருன்னு நினைச்சேன். அப்புறம் பெரிய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சுது, பாதி ஆட்டம் அதுதான். சுவரை ஒட்டி ஒருத்தர் அடிக்கறாரு, இன்னொருத்தர் அதை இன்னும் ஒட்டி அடிக்கறாரு, யாருடையது அரை அடி விலகுதோ அவரு செத்தாரு.

இந்த ஆட்டத்துல ஒரு விசித்திரம் இருக்கு. டென்னிஸ்ல எதிராளி எதிர்ல நிப்பான். இங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல. 6.4 மீட்டர் அகலம், 9.75 மீட்டர் நீளம். நடுவுல கோடுங்க சந்திக்கிற இடத்துக்கு 'டி'ன்னு பேரு. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் மொத்தச் சண்டையும். நீங்க அங்க நின்னா எதிராளி பெரும்பாலும் உங்க முதுகுக்குப் பின்னாடி இருப்பான். நீங்க அடிச்சதுக்கு அப்புறம் அரை நொடி லேட்டா திரும்பினீங்களா, சோர்வுல காலை ஒரு அடி கம்மியா எடுத்து வெச்சீங்களா... உள்ள இருக்கற உங்களுக்குத் தெரியவே தெரியாது. பின் சுவரு கண்ணாடி. அதுக்கு வெளிய உக்காந்திருக்கற ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஆளுதான் கோச். மூணாவது மாடி சார், கவனிக்கிறீங்களா?

சரி, இப்போ கதைக்கு வரேன். பெஷாவர் போகணும்.

அந்த ஊர் பக்கத்துல நவாகில்லின்னு ஒரு சின்ன கிராமம். பட்டாணியர்கள் ஊர். அங்க அப்துல்லா கான்னு ஒருத்தர், பிரிட்டிஷ் அதிகாரிங்களோட கிளப்ல தலைமைப் பணியாளர். அவரு பையன் ஹாஷிம். அந்த கிளப்ல ஸ்குவாஷ் கோர்ட்டுக்குக் கூரையே கிடையாது. துரைமாருங்க ஓங்கி அடிச்சா பந்து சுவரைத் தாண்டி வெளிய போயிடும். அதை ஓடிப்போய் எடுத்துட்டு வரத்தான் பையன். எட்டு வயசுலேயே இந்த வேலை. பதினோரு வயசுல அப்பா விபத்துல போயிட்டாரு. படிப்பும் அதோட போச்சு.

மத்தியான வெயில்ல அதிகாரிங்க யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டாங்க. அப்போ பையங்களோட ராஜ்ஜியம். வெறுங்கால். தூக்கிப்போட்ட ராக்கெட். கூட ஆட ஆள் இல்லைன்னா தனக்குத் தானே எதிரியா நின்னு ஆடிக்குவாராம். பெஷாவர் வெயில்ல, அந்தத் தரையில, வெறுங்காலோட... நான் ஏசி இல்லைன்னு கோர்ட்டுக்குப் போகாத நாளெல்லாம் ஞாபகத்துக்கு வருது.

1942ல ஹாஷிமுக்கு வேலை கிடைச்சுது. விமானப்படை அதிகாரிங்களோட மெஸ்ல ஸ்குவாஷ் கோச். கவனிங்க, அவரு முதல்ல கோச். அப்புறம்தான் சாம்பியன். அந்தக் காலத்துல இந்த ஆட்டத்தை ஆடிப் பணம் வாங்கறவங்கன்னா கிளப்ல சம்பளத்துக்கு வேலை பார்க்கறவங்கதான். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டணும், கோர்ட்டைக் கூட்டணும், தொப்பை வெச்ச மேஜருக்கு வலிக்காத மாதிரி தோத்துக்கொடுக்கணும் (இதுதான் கஷ்டமான திறமைன்னு என் கருத்து). ஆட்டத்துல பெரிய மனுஷங்கன்னா காசு வாங்காம ஆடற கனவான்கள். காசு வாங்கினா வேலைக்காரன். இந்தப் பிரிவினையைச் சட்டப்படி தூக்கினதே 1980லதான்!

1944ல பம்பாய்ல அகில இந்தியப் போட்டி. ஹாஷிம் போய் ஜெயிச்சுட்டு வந்தாரு. அடுத்த ரெண்டு வருஷமும் அவருதான். அப்புறம் நாடு பிரிஞ்சுது. 1950ல, பம்பாய்ல கோச்சா இருந்த அவரோட சொந்தக்காரர் அப்துல் பாரியை இந்தியாவுலேருந்து பிரிட்டிஷ் ஓபனுக்கு அனுப்பறாங்க. பாரி ஃபைனல் வரைக்கும் போயிட்டாரு! பெஷாவர்ல ஹாஷிமுக்கு இருப்புக் கொள்ளல. இருக்காதா பின்ன? தான் பம்பாய்ல தோக்கடிச்ச ஆளு லண்டன்ல ஃபைனல் ஆடறாரு, தான் இங்க மெஸ்ல பந்து போட்டுக்கிட்டு இருக்கோம்.

கடைசியில பாகிஸ்தான் விமானப்படை ஏற்பாடு பண்ணி 1951ல இவரை அனுப்பிச்சுது. வயசு முப்பத்தேழு பக்கம். (பிறந்த தேதிக்கு ஒழுங்கான பதிவு இல்ல. நம்ம தாத்தா பாட்டி மாதிரி.) குள்ளம், வழுக்கை, லேசா தொப்பை. எதிர்ல எகிப்தோட மஹ்மூத் கரீம், நாலு தடவை பட்டம் ஜெயிச்சவரு, பார்க்க அத்தனை நேர்த்தியா ஆடறவரு.

9-5, 9-0, 9-0.

முதல் கேம்ல அஞ்சு பாயின்ட். அதுக்கப்புறம் கரீமுக்கு ஒரு பாயின்ட் கூடக் கிடைக்கல.

இன்னிக்கு நம்ம ஊர்ல முப்பத்தேழு வயசு விளையாட்டுக்காரரைக் கமென்ட்ரி பாக்ஸுக்கு அனுப்பிடுவோம். இவரு அந்த வயசுல ஆரம்பிச்சு ஏழு தடவை பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சாரு. 1951லேருந்து 56 வரைக்கும் விடாம, அப்புறம் 58ல ஒண்ணு.

ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி இதில்ல. அவரு லண்டன்ல ஜெயிச்சுட்டு ஊருக்கு வந்து பண்ணின காரியம். தம்பி அஸம் கான் அப்போ டென்னிஸ் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தாரு. அவரைப் பிடிச்சு ஸ்குவாஷுக்கு இழுத்துட்டு வந்து, தன்னோடயே ஆடவெச்சு, தேத்தி, லண்டனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச வருஷத்துல பிரிட்டிஷ் ஓபன் ஃபைனல்ல அண்ணனும் தம்பியும். ஒரு தடவை இல்ல, 54, 55, 58ன்னு மூணு தடவை. தனக்குப் போட்டியைத் தானே தயார் பண்ற ஆளு! அண்ணன் ஓய்ஞ்சதும் தம்பி 1959லேருந்து நாலு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சாரு.

இவ்வளவு ஜெயிச்ச ஹாஷிம் அப்புறம் என்ன ஆனாரு? சிலை? பங்களா? அமெரிக்கா போயிட்டாரு. டெட்ராய்ட்ல ஒரு கிளப்ல கோச். அப்புறம் டென்வர்ல ஒரு கிளப்ல கோச். ஆட்டத்தை ஆரம்பிச்ச வேலையிலயே போய் உக்காந்துக்கிட்டாரு. டாக்டருங்களுக்கும் வக்கீலுங்களுக்கும் பந்தைப் பாருங்க, பந்தைப் பாருங்கன்னு சொல்லிக்கொடுத்தாரு. 2014ல கொலராடோவுல காலமானாரு, கிட்டத்தட்ட நூறு வயசுல. தம்பி அஸம் லண்டன்ல ஒரு சின்ன ஸ்குவாஷ் கிளப் நடத்தினாரு. 2020 மார்ச்சுல கொரோனாவுல போனாரு, தொண்ணூத்தஞ்சு வயசு. பேப்பர்ல ஒரு ஓரத்துல நியூஸ் வந்துது.

அப்போ எங்க மூணாவது மாடிக்காரர் கணக்குப்படி ஹாஷிம் கான் என்ன? "ஆட்டத்துல ஒண்ணும் ஆகலைன்னு" வந்தவரா?

"அவரு சாம்பியன், நம்ம ஆளு சாம்பியன் இல்லையே"ன்னு அடுத்த மெசேஜ் வரும்னு தெரியும். வரட்டும். அதுக்கு ரஹ்மத் கானை வெச்சிருக்கேன்.

கொஞ்சம் சொந்தபந்தம் விளக்கணும், பொறுத்துக்கோங்க. அதே கிராமத்துல ரோஷன் கான், நஸ்ருல்லா கான்னு அண்ணன் தம்பி. ரோஷன் 1957ல ஹாஷிமையே ஃபைனல்ல தோக்கடிச்சுப் பட்டம் ஜெயிச்சவரு. நஸ்ருல்லா பட்டம் எதுவும் பெருசா ஜெயிக்கல, லண்டன்ல கோச். அவருகிட்ட 60கள்ல ஒரு ஆளு வந்து சேர்ந்தான், பேரு ஜோனா பேரிங்டன். காலேஜை விட்டு, பால் ஊத்தி, தட்டு கழுவி, என்ன செய்யறதுன்னே தெரியாம திரிஞ்ச ஒரு இங்கிலாந்துக்காரன். நஸ்ருல்லா அவனை ஓடவிட்டாரு, அடிக்கவிட்டாரு, ஆட்டத்தை வெச்சு யோசிக்கவிட்டாரு. அந்த ஆளு பிரிட்டிஷ் ஓபனை ஆறு தடவை ஜெயிச்சான். கிளப்பு வேலை எதுவும் இல்லாம, ஊர் ஊரா சுத்தி ஆடியே பிழைக்கலாம்னு காட்டினதும் அவன்தான். இன்னிக்கு இருக்கற டூர் பிழைப்புக்குப் பிள்ளையார் சுழி.

அந்த நஸ்ருல்லாவோட மகன்தான் ரஹ்மத். அவரும் ஆட்டக்காரர். உலக வரிசையில முதல் இருபதுக்குள்ள இருந்தவரு. இன்னும் மேல ஏறியிருக்கலாம், ஏறாமயும் போயிருக்கலாம். தெரியாது. ஏன்னா 1979ல எல்லாம் மாறிப்போச்சு.

ரோஷனுக்கு ரெண்டு பசங்க ஸ்குவாஷ்ல. பெரியவன் டார்ஸம், உலக அளவுல ஆடிட்டு இருந்தவன். சின்னவன் நோஞ்சான். குடலிறக்கம்னு சின்ன வயசுலயே ஆபரேஷன், அதுவும் ரெண்டு தடவை. ஓடியாடக் கூடாதுன்னு டாக்டருங்க சொன்ன பையன். பேரு ஜஹாங்கீர். பாகிஸ்தான் டீம்ல "உடம்பு தாங்காது"ன்னு அவனைச் சேர்க்கவே இல்ல. அதே 79ல, தனிநபர் அமெச்சூர் உலகப் போட்டிக்கு ஆஸ்திரேலியா போய், பதினஞ்சு வயசுல ஜெயிச்சுட்டு வந்தான்.

அது முடிஞ்சு கொஞ்ச நாள்தான். நவம்பர் மாசம், அடிலெய்டுல ஒரு மேட்ச் ஆடிட்டு இருக்கும்போது டார்ஸம் மாரடைப்புல விழுந்தாரு. இருபத்தேழு வயசு.

தம்பி ராக்கெட்டைத் தொடமாட்டேன்னுட்டான்.

ரஹ்மத் அப்போ என்ன பண்ணினாருன்னா, தன் ஆட்டத்தை நிறுத்தினாரு. முழுசா. இனிமே நான் ஆடல, இவனை ஆடவைக்கிறேன்னு சித்தப்பா மகனை லண்டனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. காலையில மைல் கணக்குல ஓட்டம், அப்புறம் கோர்ட், அப்புறம் ஜிம், அப்புறம் நீச்சல்குளம். சாப்பாடு, தூக்கம், பிரயாணம், எதிராளியோட பலவீனம் எல்லாத்தையும் இவரே பார்த்துக்கிட்டாரு.

ரெண்டே வருஷம். 1981 நவம்பர், டொரன்டோ, உலக ஓபன் ஃபைனல். எதிர்ல ஜெஃப் ஹண்ட், எட்டு தடவை பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்ச ஆஸ்திரேலிய மலை. பதினேழு வயசுப் பையன் ஜெயிச்சான்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சரை வருஷம் தோல்வியே இல்ல. 555 மேட்ச்னு சொல்வாங்க (யாரு எண்ணினாங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஆனா அஞ்சரை வருஷத்துல சந்தேகமில்ல). பத்து பிரிட்டிஷ் ஓபன் வரிசையா. 1983ல எகிப்தோட கமால் அவாதோட ஒரு மேட்ச், ரெண்டே முக்கால் மணி நேரம்! முதல் கேம் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல. அதுவும் அந்தக் கேமை ஜஹாங்கீர் தோத்தாரு. தோத்தது நல்லதாப் போச்சு, அதுலயே அவாதோட காலு முடிஞ்சுபோச்சு. அடுத்த மூணும் இவருக்கு.

அந்த மாதிரி நேரத்துல, "பரவாயில்ல, ஒரு கேம் போனா போகட்டும், அவன் காலைப் பாரு"ன்னு வெளியிலேருந்து பார்த்து அமைதியா இருக்க ஒரு ஆள் வேணும் இல்லையா? அதைத்தான் சொல்றேன்.

(குட்டி கிசுகிசு: ரஹ்மத்தோட மகள் நடாஷா கான் இங்கிலாந்துல பெரிய பாடகி. 'பேட் ஃபார் லாஷஸ்'ங்கற பேர்ல பாடறாங்க. நான் பல வருஷமா அவங்க பாட்டு கேட்டுட்டு இருந்தேன், அவங்க அப்பா இவருன்னு தெரியாம. ஸ்குவாஷ் கோச் மகள்னு தெரிஞ்ச அன்னிக்கு வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் கண்டுக்கல.)

ரஹ்மத் கான் உலக சாம்பியன் இல்ல. ஆனா ஒரு பத்து வருஷம் உலக சாம்பியனோட பாதி மூளை அவருதான்.

பொம்பளைங்க பக்கம் வந்தா லிஸ் இர்விங். ஆஸ்திரேலியாக்காரங்க. உலக வரிசையில ரெண்டாவது இடம் வரைக்கும் வந்தவங்க. ரெண்டாவது. 1993ல உலக ஓபன் ஃபைனல் வரைக்கும் போய், தன் நாட்டுக்காரியான மிஷெல் மார்ட்டின்கிட்ட தோத்தவங்க. இவங்க ஓய்வு பெற்று ஆம்ஸ்டர்டாம்ல இருந்தப்போ, பினாங்குலேருந்து ஒரு சின்னப் பொண்ணு அவங்ககிட்ட வந்துச்சு. நிக்கோல் டேவிட். அப்பா வழியில இந்திய வம்சாவளி, அம்மா வழியில சீன வம்சாவளி. ஜூனியர்ல கொடி கட்டிப் பறந்து, பெரியவங்க ஆட்டத்துல தடுமாறி, ஆட்டத்தையே கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சுட்டு, அப்புறம் வீட்டையும் ஊரையும் விட்டுக் குளிரு நாட்டுக்கு வந்த பொண்ணு.

அந்தப் பொண்ணு எட்டு தடவை உலக சாம்பியன். ஒன்பது வருஷம் விடாம நம்பர் ஒன். லிஸ் இர்விங் ஒரு நாள்கூட உக்காராத நாற்காலி அது. அதுல ஒருத்தியை ஒன்பது வருஷம் உக்காரவெச்சாங்க.

இதுல எனக்கு ஒரு கொள்கை இருக்கு. (தப்புன்னு சொல்றவங்க கமென்ட்ல வாங்க.) ரொம்பப் பெரிய திறமைசாலிங்களுக்குத் தான் எப்படி ஆடறோம்னே தெரியாது. உடம்பு தானா பண்ணிடும். கொஞ்சம் கீழ நின்னு, ஒவ்வொரு படியும் தட்டுத் தடுமாறி ஏறினவங்களுக்குத்தான் எந்தப் படி எங்க வழுக்கும்னு தெரியும். இதுக்கு எதிரா ஜெஃப் ஹண்ட் ஒருத்தரே போதும்னு நீங்க சொல்லலாம். அவ்வளவு பெரிய சாம்பியன், பிரிஸ்பேன்ல அரசு விளையாட்டு மையத்துல பல வருஷம் கோச்சா இருந்து வரிசையா ஆளுங்களை உருவாக்கினாரு. சரி, ஒத்துக்கறேன். ஆனா ஹண்ட்டும் பிறவி மேதையா ஆடினவரு இல்ல, உழைச்சு உழைச்சு ஆடினவருதான். அதனால என் கொள்கை இன்னும் உயிரோட இருக்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல ஸ்குவாஷுக்குத் தலைநகரம் எதுன்னு கேட்டா டெல்லி, பம்பாய்னு சொல்வீங்க. சென்னைங்க! சேத்துப்பட்டு நேரு பார்க்ல இருக்கற அகாடமிதான் எல்லாத்துக்கும் ஊற்று. அந்தப் பக்கம் பஸ்ல தினம் போறவங்களுக்கே தெரியாது. 2000ஐ ஒட்டி ஆரம்பிச்சப்போ மலேசியாவுலேருந்து மேஜர் மணியம்னு ஒரு கோச்சைக் கூட்டிட்டு வந்தாங்க, கூட சைரஸ் போன்சா. பின்னால துரோணாச்சார்யா விருது வாங்கினவரு. இந்த ரெண்டு பேரும் எந்தப் பெரிய பட்டத்துக்கும் பேர் போனவங்க இல்ல. ஆனா கொல்கத்தாவுலேருந்து சௌரவ் கோஷல் பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்கு வந்தது இவங்ககிட்ட கத்துக்கத்தான். அவரு பின்னாடி இங்கிலாந்துல படிச்சுக்கிட்டே மால்கம் வில்ஸ்ட்ராப்கிட்ட போய்ச் சேர்ந்தாரு. 2019ல உலகத்துல முதல் பத்துக்குள்ள வந்த முதல் இந்திய ஆண்.

(மால்கம் வில்ஸ்ட்ராப் தனிக் கதை. பான்டிஃப்ராக்ட்னு யார்க்ஷயர்ல ஒரு சின்ன ஊரு. அந்த ஒரு கிளப்லேருந்து ரெண்டு உலக நம்பர் ஒன்: லீ பீச்சில், அப்புறம் சொந்தப் பையன் ஜேம்ஸ். குட்டிப் பசங்களையும் நம்பர் ஒன்னையும் பக்கத்துப் பக்கத்து கோர்ட்டுல ஆடவிடுவாராம். இன்னொரு நாள் எழுதறேன்.)

ஜோஷ்னா சின்னப்பா இந்த ஊர்ப் பொண்ணு. முதல் கோச் அவங்க அப்பாவேதான், மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கோர்ட்ல. 2005ல பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன், தேசியப் பட்டம் மட்டும் பதினெட்டு, நடுவுல முட்டி போய் மாசக்கணக்குல படுத்து எழுந்து, தீபிகா பள்ளிக்கலோட 2014 காமன்வெல்த் தங்கம். 2025 டிசம்பர்ல எக்ஸ்பிரஸ் அவென்யூ மால்ல உலகக் கோப்பை நடந்துச்சே, போனீங்களா? நான் போனேன். ஒரு பக்கம் எஸ்கலேட்டர்ல ஷாப்பிங் பையோட ஜனம், நடுவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள முப்பத்தொன்பது வயசு ஜோஷ்னா ஆடிட்டு இருக்காங்க. அதே டீம்ல பதினேழு வயசு அனாஹத் சிங். ஃபைனல்ல ஹாங்காங்கை 3-0ன்னு தோக்கடிச்சு இந்தியா முதல் தடவையா கோப்பையை ஜெயிச்சுது. அனாஹத் கடைசியா ஜெயிச்ச எதிராளியோட பேரு டொமேட்டோ ஹோ. (சத்தியமா. ஹாங்காங்ல ஆடறவங்க, ரொம்ப நல்ல பிளேயர்.)

அங்க என் கண்ணு ஆட்டத்தைவிட இடைவேளை மேலதான். கேம் முடிஞ்சதும் கதவு திறக்கும், பிளேயர் வெளிய வருவாங்க, துண்டு, தண்ணி, கோச் குனிஞ்சு காதுல ஏதோ சொல்வாரு. ஆட்டம் நடக்கும்போது வெளியிலேருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது, கிடைக்கிறது அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. நாலு விஷயம் சொன்னா ஒண்ணும் தலையில ஏறாது. எதைச் சொல்லாம விடணும்னு தெரியறதுதான் வேலையே.

இனிமே காசு விஷயம். அதுலதானே எங்க குரூப் சண்டையே.

டிவியில பார்க்கற முதல் இருபது பேரை விடுங்க. நூறாவது இடத்துல இருக்கற ஆளை எடுத்துக்கோங்க. உலகத்துல நூறாவது! எந்தத் தொழில்லயாவது உலகத்துல நூறாவது ஆளு நீங்கன்னா எப்படி இருக்கும்? ஸ்குவாஷ்ல எப்படின்னா, சேலஞ்சர் டூர்னு கீழ்ப்படிப் போட்டிங்க. சிலதுல மொத்தப் பரிசுப் பணமே சில ஆயிரம் டாலர்தான். அதை வந்த ஆளுங்க எல்லாரும் பிரிச்சுக்கணும். முதல் ரவுண்டுல தோத்தா ஃப்ளைட் டிக்கெட்டுல பாதிகூட வராது. ரூமை ரெண்டு பேரு பங்கு போட்டுக்கிட்டு, ராக்கெட் நரம்பைத் தானே கட்டிக்கிட்டு ஓடறாங்க. அதனாலதான் பலபேரு ஆடிட்டு இருக்கும்போதே கோச்சிங்கும் பண்றாங்க. காலையில பசங்களுக்குப் பந்து போட்டுட்டு, மத்தியானம் தனக்குப் பயிற்சி. ஹாஷிம் கான் காலத்துலேருந்து இது மாறவே இல்ல.

எங்க கோச்சும் அப்படி ஆடினவர்தான். ஒரு நாள் பசங்க போனதுக்கு அப்புறம், "எப்போ கோச் ஆடறதை நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன். "நிறுத்தல மேடம், முட்டி நிறுத்திடுச்சு"ன்னாரு. அப்புறம் கொட்டிக் கிடந்த பந்தையெல்லாம் குனிஞ்சு பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு. எங்க வீட்டுப் பிள்ளைங்க எவ்வளவு வேகமா கோர்ட்டை விட்டு ஓடும் தெரியுமா? பந்து பொறுக்கறது கோச் வேலைன்னு யாரு சொல்லிக்கொடுத்தாங்களோ!

சாயங்காலம் நாலு மணிலேருந்து ஒன்பது மணி வரைக்கும் அவரு அந்த 'டி'யில நின்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து போடறாரு. ஆறு வயசுக்கு ஒரு வேகம், பதினாறு வயசுக்கு ஒரு வேகம், எனக்கு ஒரு வேகம் (ஆறு வயசை விட ஒரு பாயின்ட் கம்மி). ஒரே இடத்துக்கு, ஒரே உயரத்துல, நூறு பந்து போடறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு நாள் நான் ட்ரை பண்ணிப் பார்த்தேன். என் பையன், "அம்மா, ப்ளீஸ், வெளிய உக்காரு"ன்னுட்டான்.

அதனால மூணாவது மாடி சார், உங்க கேள்விக்குப் பதில்: இல்ல, அவரு இந்தியாவுக்கு ஆடல. நஸ்ருல்லா கான் பிரிட்டிஷ் ஓபன் ஜெயிக்கல. லிஸ் இர்விங் நம்பர் ஒன் ஆகல. ரஹ்மத் கான் பாதியிலயே நிறுத்திட்டாரு. உங்க கணக்குப்படி பார்த்தா இவங்க யாருக்கும் எங்க அபார்ட்மென்ட்ல வேலை கிடைச்சிருக்காது.

இந்தப் போஸ்டை குரூப்ல ஷேர் பண்ணப்போறதில்ல, பயப்படாதீங்க. (உங்க வீட்டம்மா இந்த பிளாகைப் படிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். வணக்கம்ங்க.)

உங்களுக்கெல்லாம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனையோ தடவை ஒலிம்பிக்ஸ் கதவைத் தட்டித் திரும்பி வந்த ஆட்டம் இது. கடைசியா 2023 அக்டோபர்ல, பம்பாய்ல நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்துலதான் உள்ள விட்டாங்க. 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல முதல் தடவையா நடக்கப்போகுது, யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்துல. நம்ம ஊருக்கு நேரம் ஒத்துவராது, இருந்தாலும் தூக்கம் முழிச்சுப் பாருங்க. கேம் முடிஞ்சு பிளேயர் வெளிய வரும்போது சேனலை மாத்தாதீங்க. துண்டோட நிக்கற அந்த ஆளு யாருன்னு பேரைத் தேடிப் பாருங்க, அவரு எங்கெல்லாம் ஆடி எந்த ரவுண்டுல தோத்தாருன்னும் பாருங்க. பார்த்துட்டு இங்க வந்து எனக்கும் சொல்லுங்க.